பிளாக்கி முட்டிய வலை

என்னங்க,

இரண்டு மணி ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். சோறும் மத்தி மீன் குழம்பும் அடுப்பு மேல் இருக்கின்றன. பிளாக்கிக்கு முள் எடுத்துவிட்டுப் பிசைந்து வையுங்கள்.

ஹால் ஜன்னலை நாலு விரல் அளவுதான் திறந்து வைத்திருக்கிறேன். வெயில் தாங்கவில்லையென்று அதற்கு மேல் தள்ளாதீர்கள். காலையில் நான் சொன்னபோது, "கொசு வலை இருக்குலா, நாய் எங்க விழப் போவுது?" என்று எரிந்து விழுந்தீர்கள். நானும் ஜன்னலை அப்படியே விட்டுவிட்டேன்.

நீங்கள் கீழே போய் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்ததும் பிளாக்கி ஓடிப்போய் ஜன்னலடி சோபாவில் ஏறி வலையை நெற்றியால் முட்டியது. எஸ்டேட் வீட்டு வலைக்கதவை அப்படி முட்டித்தானே திறக்கும். அங்கே வெளியே வாசல் இருந்தது. இது மூன்றாவது மாடி. வலை கீழ்ப்பக்கம் பிய்ந்து, முன்னங்கால் இரண்டும் வெளியே போய்விட்டன. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தேன்.

சோபாவை எதிர்ச் சுவரோரம் தள்ளிவிட்டேன். திரும்ப ஜன்னலடியில் போடாதீர்கள். கிரில் போட சனிக்கிழமை ஆள் வருவார்.

புனிதா

மறந்துவிட்டேன். வரும்போது மோட்டாரை கேட்டிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வாருங்கள். அது எஸ்டேட்டில் உங்கள் அப்பா ஓட்டிய மோட்டார். அவர் போய் நாற்பது நாள் ஆனது நமக்குத் தெரியும். பிளாக்கி இன்னும் அவரைக் கூப்பிட்டுவரத்தான் ஓடுகிறது.