பூந்தொட்டி வைத்த கேட்

பிப்ரவரி 10, செவ்வாய்

பிரிக்பீல்ட்ஸ் கல்லூரியில் இன்று நகரத் திட்டமிடல் மாணவர்களுக்கு 'நடக்கத் தகுந்த நகரம்' பற்றிப் பாடம் நடத்தினேன். தாமதமாகத்தான் போனேன். ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஜேம், கார் நகரவே இல்லை. கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே கொமுட்டர் ரயில் ஸ்டேஷன் இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் கல்லூரிக்குப் பக்கத்திலேயே கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன். அதைப் பற்றி ஒரு ஸ்லைடுகூட வைத்திருக்கிறேன். நல்ல ஸ்லைடு.

பிப்ரவரி 15, ஞாயிறு

தாமான் குடியிருப்பாளர் சங்கக் கூட்டம், எங்கள் வீட்டு ஹாலில். தலைவர் சுகுமாறன், மீதி நேரத்தில் என் கணவர். யார் வீட்டு வாசலிலோ செருப்பு காணாமல் போய்விட்டதாம். அதனால் பின்ரோட்டில் கேட் போட்டுப் பூட்ட வேண்டுமாம். பின்னால் இருக்கும் மலிவுவிலை பிளாட் ஆட்கள் அந்த வழியாகத்தான் எங்கள் தெருவுக்குள் வந்து ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். செருப்புத் திருடன் நடந்துதான் வந்தான் என்று சபை ஒருமனதாகக் கண்டுபிடித்தது. காரில் வருகிறவர்கள் திருட மாட்டார்கள் அல்லவா?

"நீதான் டவுன் பிளேனராச்சே, ஒரு பிளேன் போட்டுக் குடேன் லா" என்றார் தலைவர்.

நான் எல்லாருக்கும் வடை எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 17

போட்டுக் கொடுத்துவிட்டேன். வெறும் இரும்புக் கேட் மொட்டையாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் பூந்தொட்டி, மேலே கொடி படரக் கம்பி. தொட்டிக்கு மழைநீரே பாயும்படி ஒரு குழாய். நிலைத்தன்மை என்றால் சும்மாவா?

மார்ச் 9, திங்கள்

கேட் வந்துவிட்டது. 'மேடம் டேஸ்ட்டே தனி' என்று சங்க வாட்ஸ்அப்பில் ஒரே கைதட்டல்.

காலையில் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியில் தெரிந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் இராஜம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பிளாட்டில் இருக்கிறார், கே.எல்.லில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. தினமும் எங்கள் வாசலைத் தாண்டும்போது "பசியாறியாச்சா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 24

மாணவர்கள் குழுவாகப் பிரிந்து ஏதாவதொரு ரயில் ஸ்டேஷனைச் சுற்றியுள்ள குடியிருப்பை ஆராய வேண்டும். கிஷனும் சுமையாவும் எங்கள் பின்பக்க பிளாட்டைப் பிடித்திருக்கிறார்கள். இத்தனை ஸ்டேஷன் இருக்கிற ஊரில்! நான் அதற்கு முன்னால்தான் குடியிருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

"வேற இடம் பாருங்களேன், அங்க டேட்டா கெடைக்காது" என்றேன்.

"நெறைய கெடைச்சிருச்சு மிஸ்" என்றாள் சுமையா.

ஏப்ரல் 21, செவ்வாய்

மாணவர்கள் தங்கள் வேலையைச் சுவரில் ஒட்டி விளக்கும் நாள். நடுச்சுவரில், ஆளுயரத்துக்கு, என் கேட்.

"இத பூட்டுனதுலேர்ந்து எல்லாரும் லோரி ரோட்டுல சுத்திப் போறாங்க மிஸ். நடைபாதையே இல்ல. ஸ்கூல் பிள்ளைங்ககூட அதுலதான் போகுது" என்றாள் சுமையா.

"அதுல கொடுமை என்னன்னா, பூந்தொட்டி வேற வச்சிருக்காங்க. எவனோ நல்லாப் படிச்சவன் வேலை மிஸ் இது" என்றான் கிஷன். வகுப்பே சிரித்தது.

"நான்தான் வரைஞ்சேன்" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மிஸ் ஜோக் அடிக்கிறாராம். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். மூலையில் என் பெயர், அழகான எழுத்தில். சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப நீங்களே தொறக்கச் சொல்லலாமே மிஸ்?" சுமையா குரலில் கேலியே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

என்ன பொழப்பு இது? ஊருக்கெல்லாம் நடக்கச் சொல்லிக் குடுத்துட்டு, நடக்கிறவங்க வழியில பூட்டு. அதுக்குப் பூ வேற. ச்சே.

அவர்களுக்கு 'ஏ' போட்டேன். வேறென்ன போடுவது?

ஏப்ரல் 26, ஞாயிறு

கூட்டம். கேட்டைத் திறக்க வேண்டும் என்று சொன்னேன். இன்று வடை இல்லை.

"வரைஞ்சதே நீங்கதானே மேடம்?" என்றார் பொருளாளர் தம்புசாமி. கச்சிதமான கேள்வி. லோரி ரோட்டைப் பற்றிச் சொன்னேன். "பாவம்தான்" என்றார்கள் எல்லாரும். ஓட்டெடுப்பில் என் கை மட்டும் உயர்ந்திருந்தது. தலைவர் நடுநிலை வகித்தார். அதாவது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 27

வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மிகவும் அமைதியான, பாதுகாப்பான சமூகம்.

மே 2, சனி

பிளாட் பக்கத்து மாரியம்மன் கோயில் திருவிழா. ஒவ்வோர் ஆண்டும் ரதம் பின்ரோடு வழியாக எங்கள் தெருவுக்குள் வரும். வீட்டுக்கு வீடு நின்று அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டு போகும். இன்றும் சாயங்காலத்திலிருந்தே எல்லார் வாசலிலும் கோலம், மேசை, தட்டு, தேங்காய். தம்புசாமி பட்டு வேட்டியில். கேட் என்ற ஒன்று இருப்பது ஒருவருக்கும் நினைவில்லை. எனக்கும்தான்.

மேளச் சத்தம் நெருங்கி வந்தது. அப்புறம் விலகிப் போனது.

சுகுமாறன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நானும். கேட்டைத் திறந்தபோது ரதம் லோரி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. கோயில் தலைவர் அய்யாவு எங்களைப் பார்த்து நின்றார்.

"தொறந்தாச்சு அண்ணே, வாங்க லா" என்றார் இவர், மூச்சு வாங்க.

"போலீஸ் பெர்மிட்டுல ரூட்ட மாத்தியாச்சு தம்பி. இப்பத் திருப்ப முடியாது."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பூட்டும்போது நீங்க எங்ககிட்ட சொன்னீங்களா?" கோபமே இல்லாமல் கேட்டுவிட்டு ரதத்தின் பின்னால் போய்விட்டார்.

தெருவுக்குத் திரும்பினோம். தம்புசாமி இன்னும் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அழுகைதான் வந்தது. இவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். உடைக்காத தேங்காயை நான் உள்ளே எடுத்து வைத்தேன்.

மே 5

சங்க வாட்ஸ்அப்பில்: 'பராமரிப்பு காரணமாகப் பின்ரோட்டுக் கேட் தற்காலிகமாகத் திறந்திருக்கும். - தலைவர்.' எவ்வளவு காலத்துக்கு என்று அவரும் போடவில்லை, யாரும் கேட்கவுமில்லை. தம்புசாமி கட்டைவிரல் காட்டியிருந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது "தோசை நல்லாருக்கு" என்றார் தலைவர். பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது.

மே 11, திங்கள்

கார் சாவியை மேசையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். வாசலில் இராஜம்மா எதிர்ப்பட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கார் கெட்டுப்போச்சா டீச்சர்?"

"ஆமாக்கா."

"ஐயோ. ரிப்பேருக்கு எத்தனை நாளாகுமாம்?"

"ரொம்ப நாளாகும் போலிருக்குக்கா."

"பரவால்ல, வாங்க. பசியாறியாச்சா?" என்று கேட்டபடி கூடவே நடந்தார்.

ரயில் தாமதமாக வந்தது. வகுப்புக்கு நானும் தாமதமாகத்தான் போனேன். ஸ்லைடில் அதையும் சேர்க்க வேண்டும்.