நீ பேசாமலிருந்த நேரம்

இன்று காலை நலச்சங்க ஹாலில் ஒரு பெரியவர், தரையில் உட்காருவதற்கு முன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஃபிடில் வில்லைப் பிடித்த என் கை அப்படியே நின்றுவிட்டது. நீயும் இப்படித்தான். ஊரையே சம்மணம் போட்டு உட்காரச் சொல்வதற்கு முன் உன் முட்டிக்குத் தைலம் வேண்டும்.

இன்றோடு வாசிப்பதை நிறுத்திக்கொள்கிறேன் என்று உன் மனைவியிடம் சொல்லிவிடும் முடிவோடுதான் போயிருந்தேன். வழியெல்லாம் ஒத்திகை வேறு. ஃபிடிலையும் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துகிறேன் என்று சொல்பவனை என்னவென்று சொல்வது, நீயே சொல்.

ஆவடித் தொழிற்சாலையில் ஒரே ஷாப்பில், ஒரே பிரிவில் வேலை பார்த்தோம். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸை விட்டு ஒரே தெருவில் வீடு பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை தியானம் நடத்தப்போகிறேன், நீ வாசி என்று நீ கிளம்பியபோது தெருவே சிரித்தது. செல்போனில் வரும் தியானக் குரல்களெல்லாம் தேன் தடவிய சுத்தத் தமிழில் பேசும். நீ பேசியதோ நம் தெரு பாஷை. "மூச்ச இஸ்த்துப் புடி. இப்ப உடு. அது எங்கியும் ஓடிப் போவாது, திரும்பி வரும்." முதல் வாரம் சிரித்தவர்கள் அடுத்த வாரம் பாயோடு வந்தார்கள்.

ராகத்தின் பெயரெல்லாம் உனக்குத் தெரியாது. "மாமே, அந்த அழுவுற மாதிரி ஒண்ணு வாசிப்பியே, அத்த எடு" என்பாய். அது சகானா. நீ பேசும்போது நான் அடங்கி வாசிக்க வேண்டும், நீ நிறுத்தினால் நான் நிரப்ப வேண்டும். அவ்வளவுதான் நமக்குள் ஏற்பாடு. எனக்கோ தந்தி அறுந்துவிடுமோ, வீட்டில் கேஸை மூடினேனா என்று ஆயிரம் கவலை. "தியானத்துக்கு வந்து டென்சன் ஆவுற ஒரே ஆளு நீதான்" என்று எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்குவாய்.

அந்த ஞாயிறும் வழக்கம்போலத்தான் சொன்னாய்: "இனிமே நா பேச மாட்டேன். கண்ண மூடிகினு ஃபிடில கேளுங்க." நானும் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். கை அன்று நன்றாகப் பேசியது. இவ்வளவு நேரம் விட்டுக்கொடுக்கிறானே, ரசிக்கிறான் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் இழுத்து வாசித்தேன். ஹால் நிறைய ஆட்கள். நீ சொன்னபடி ஒருவர் கண்ணும் திறந்திருக்கவில்லை. யாரோ இருமியபோதுதான் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, மோவாய் நெஞ்சில் படிய இருந்தாய்.

இதயம் சட்டென்று நின்றிருக்கிறது, பக்கத்திலேயே டாக்டர் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள். இருக்கலாம். ஆனால் நீ போனபோது நான் சகானாவில் எந்த இடத்தை வாசித்துக்கொண்டிருந்தேன்? பல் துலக்கும்போதும் இதே கேள்விதான், குமணன்சாவடி சிக்னலில் பஸ் நிற்கும்போதும் இதே கேள்விதான்.

தியானத்தை விட்டுவிட உன் மனைவி சம்மதிக்கவில்லை. இப்போது அவள்தான் நடத்துகிறாள், உன் வார்த்தைகளிலேயே. அவள் பேச்சை நிறுத்தும் நேரம் வந்தால் எனக்கு வியர்க்கிறது. கண்ணைத் திறந்துகொண்டே வாசிக்கிறேன். ஒவ்வொரு நெஞ்சும் ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். அசையாமல் உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் எழுந்து போய் உலுக்கலாமா என்றிருக்கிறது. சுருதி விலகுகிறது, வில் நடுங்குகிறது. இப்படியொருவன் தியானத்துக்கு வாசித்து யாருக்கு என்ன நிம்மதி வரும்?

இன்றும் அவள் பேச்சை நிறுத்தினாள். நான் வரிசையாக எல்லோரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணும் திறந்திருந்தது. நான் மற்றவர்களைப் பார்ப்பதுபோலவே அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வாரமாகவோ தெரியவில்லை. வில் நின்றது. அவள் மெல்ல எழுந்து வந்து, மற்றவர் காதில் விழாமல் சொன்னாள்: "அண்ணே, நீங்க கண்ண மூடிகினு வாசிங்க. நா முழிச்சிகினுதான் கீறேன். எல்லாரையும் பாத்துக்கறேன்."

மூடினேன். மூடியதும் வந்தது உன் முகம்தான். பயந்து திறக்கப் பார்த்தேன், ஆனால் திறக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து சகானாவை எடுத்தேன். வில் நடுங்கியது, நடுங்கியபடியே போனது. அந்தப் பயம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. நிறுத்திக்கொள்கிறேன் என்று மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை.