காபித் தோட்டத்துக் கல்லறை

பாகர் ஆலம்
4 மே 1994

அன்புள்ள யுஸ்லினா அக்காவுக்கு,

மாமா தூங்கிவிட்டார். விளக்கைத் தணித்து வைத்து, அவர் இருமும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன். போன பெருநாளுக்கும் நீ வரவில்லை. துரியான் விழுந்து கிடந்தும் சண்டை போட்டுத் தின்ன ஆளில்லை.

நம் தோட்டத்துப் பழங்காலக் கல்லறையை உடைக்கப் போகிறார்கள், அக்கா. அந்தப் பலகைக் கற்களைப் பரப்பி, காபி உலர்த்தக் களம் போட வேண்டுமாம். "யாருன்னே தெரியாத பொணத்துக்கு இவ்ளோ பெரிய வீடு எதுக்குடி? காபிய என் தலைமேலயா காயப்போடுறது?" என்கிறார் மாமா. மழை வந்தால் நாம் அதற்குள்தானே ஓடுவோம்? சுவரில் சிவப்பும் கறுப்புமாய்த் தீட்டியிருக்கும் முட்டைக்கண்ணனைக் காட்டி, இதுதான் மாமா என்று சிரிப்பாயே.

நம் வழக்கப்படி, வீட்டை ஆளும் மகள் சம்மதிக்காமல் நம் நிலத்தில் ஒரு கல்லையும் அசைக்க முடியாது. அம்மாவுக்குப் பிறகு அது மூத்தவளான நீதான். நீ இல்லாததால், அந்த உரிமைக்கான களஞ்சியச் சாவியை என் கையில் கொடுத்துத் தலையாட்ட வைக்கப் பார்க்கிறார். சாவி வாங்கியவள் வீட்டோடு கிடக்க வேண்டும். என் படிப்பு போய்விடும். பயமாக இருக்கிறது. வந்துவிடு.

உன் தெஸ்தி


பத்தாம் தீவு
19 மே 1994

என் செல்லத் தெஸ்திக்கு,

வர முடியாதம்மா. இங்கே ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன். நான் சாவி வாங்கினால் அவரும் நம் வீட்டில் வந்து இருக்க வேண்டும். அவர் வரமாட்டார். கல் போனால் போகட்டும், சாவியை நீயே வாங்கிக்கொள். படிப்பை முடிக்க விட்டால் சம்மதிக்கிறேன் என்று மாமாவிடம் சொல். எனக்காக அந்த முட்டைக்கண்ணனை ஒருமுறை பார்த்துவிடு.

அக்கா


பாகர் ஆலம்
7 ஜூன் 1994

அன்பு அக்கா,

நீ சொன்னபடியே கேட்டேன். மாமா உடனே ஒத்துக்கொண்டார். களம் போட்டதும் வீட்டை அத்தை பார்த்துக்கொள்வாள், நீ பள்ளிக்குப் போ என்றார். அப்புறம் உனக்காக முட்டைக்கண்ணனைப் பார்க்கப் போனேன். போயிருக்கக் கூடாது.

மறுநாள் உறவுக்காரர்கள் முன்னால் சாவியைக் கொடுத்து, "என்னம்மா, உடைக்கலாமா?" என்றார்.

"வேணாம் மாமா."

அப்படியே அந்தச் சுவர்ப் படம்போல முழித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இனி பள்ளிக்கூடத்து வாசல மிதிக்காத" என்றார். நான் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கல்லறையை உடைக்க எடுத்த கடப்பாரை வீட்டுக்கடியில் தூண்களுக்கிடையே பழைய இடத்துக்கே போய்விட்டது. என் சீருடையை அத்தை மகள் போட்டுக்கொள்கிறாள். கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது.

நேற்று மழைக்கு உள்ளே போய் உட்கார்ந்தேன். முழங்கால் சுவரில் இடிக்கிறது. ஆனாலும் உன் பக்கம் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இனி நீ இந்த வீட்டுக்கு விருந்தாளி. கூப்பிட வேண்டியவள் நான். அவரையும் அழைத்துக்கொண்டு வா.

தெஸ்தி