'வருவார்களோ' தட்டு

6 செப்டம்பர், திங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ்.
விடாத மழை. ஜப்பான் கணக்கில் ஆண்டை 2603 என்று எழுத வேண்டுமாம். 1943. என் நோட்டு, என் பென்சில்.

வேலை: ஓர் இசைத்தட்டைச் சீர்செய்வது. ஜப்பான்காரன் அலுவலகத்தில் கணக்கெழுதும் தமிழ்க் கிராணி துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். (இனி கி. பெயரெழுதினால் இருவர் தலையும் போகும்.) சயாமில் ரயில் பாதை போட ஆள் சேர்க்கும் பேச்சு. லோரியில் வைத்துத் தோட்டம் தோட்டமாகப் போட்டதில் ஒரே இரைச்சல். ஆயிரம் பேர் சேர்ந்து முறுக்கு கடிப்பதுபோல்.

"அண்ணே, பேச்சு மட்டும் கேக்கணும். இரைச்சல் போவுமா?"

"கிள்ளான் கடலைக் கொண்டாங்க. அலைச் சத்தத்தைத் துடைச்சிட்டு மீனை மட்டும் தரேன்."

கி. சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை லோரி கிள்ளான் பக்கம் போகிறதாம். மச்சான் சின்னையா அங்கேதான் ரப்பர் பால் வெட்டுகிறான்.

7, செவ்வாய்.
வெயில். மழைத் தண்ணீர், அணில் முடித் தூரிகை. ஊசி ஓடும் பள்ளங்களைக் கோடு கோடாகக் கழுவினேன். இரும்பு ஊசி எங்கும் கிடைக்காது. மூங்கில் சீவிய ஊசி. இப்போது பேசியவர் மூச்சிழுப்பது வரை கேட்கிறது. உலகில் இதைச் செய்யக்கூடியவர் மூவர். மற்ற இருவரும் என்னிடம் படித்தவர்கள்.

"மூன்றே மாதம். அரிசி உண்டு. போனவர்கள் திரும்பி வருவார்களோ என்ற ஐயம் வேண்டாம்." தேன் குரல். சித்திரையில் எங்கள் தெருவிலிருந்து போனவர்கள் ஏழு பேர். ஒரு வரி கடிதம் இல்லை.

8, புதன்.
சின்னையா வந்தான்.

"பேரு குடுக்கப் போறேன் அத்தான். மரவள்ளி தின்னு தின்னு நாக்கே மரமாப் போச்சு."

"போனவன் எவனாச்சும் வந்தானாடா?"

"மூணு மாசந்தான்னு லோரியில சொல்றானே."

"லோரி சொன்னா நம்புவ. நான் சொன்னா?"

"நீங்க கதை விடுவீங்க அத்தான்."

வாழ்நாளெல்லாம் விட்ட புளுகு கழுத்தைப் பிடித்தது. சரி, லோரியே சொல்லட்டும்.

9, வியாழன்.
'வருவார்களோ' முடியுமிடத்தில் கோட்டின் கரையை உடைத்தேன். ஊசி அங்கே வந்தால் முன்னே போகாது, பின்னால் விழும். உடைப்பில் தேன்மெழுகு அடைத்துத் தேய்த்தேன். ஒரே தேய்ப்பில் முடிந்தது. (மூன்றாவதில்.)

கி. வந்து தட்டைப் போட்டுக் கேட்டார். வெண்ணெயாக ஓடியது. "வெள்ளிக் கை அண்ணே, உங்களுக்கு." தங்கம் என்று திருத்தினேன். மெழுகு நிழலில் இரண்டு தடவை தாங்கும். கிள்ளான் வெயிலில் மலையே உருகும்.

10, வெள்ளி.
சேதி இல்லை. மாட்டினால் சொல்ல வேண்டியவை:
1. வெயில்.
2. லோரி குலுக்கல்.
3. மூங்கில் மலாயா மூங்கில்; ஜப்பான் மூங்கிலாக இருந்தால் இப்படி நடக்குமா?

11, சனி.
மத்தியானம் சின்னையா. நடந்தே வந்திருக்கிறான்.

"காலைப் பெரட்டுல ஆள் எண்ணி முடிச்சு, வெயில் ஏறினதும் போட்டான் அத்தான். 'திரும்பி வருவார்களோ, வருவார்களோ, வருவார்களோ'ன்னு நிக்காமக் கத்துது. மொதல்ல சிரிச்சோம். அப்புறம் சித்திரையில போனவன் பொஞ்சாதி ஒன்னு அழ ஆரம்பிச்சிருச்சு. வரிசையே கலைஞ்சு போச்சு."

"நீ?"

"வரிசையில மொத ஆளு நான்தான். வந்துட்டேன்."

கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். இரண்டு தடவை.

12, ஞாயிறு.
தூறல். கி. தட்டோடு வந்தார். உட்காரவில்லை.

"தட்டே வேணாம்னு நேத்து வேற தோட்டத்துல ஒரு ஆளை நிக்க வெச்சுப் படிக்க விட்டோம். 'திரும்பி'ன்னு வாயத் தொறந்தான். சேதி அதுக்குள்ள அங்கயும் பரவியிருக்கு, சனமே 'வருவார்களோ'ன்னு முடிச்சிருச்சு."

"ஐயையோ."

"அந்தாளுக்கு எங்க மெழுகு வெக்கிறதுன்னு கேக்க வந்தேன்."

மெழுகு பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. கி. உள்ளே எட்டிப் பார்த்தார். சின்னையா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"இனிமே பேச மாட்டாங்க, ஆளைப் பிடிச்சுட்டுப் போவாங்க. தோட்டத்து ஆள் பட்டியல் என்கிட்ட இருக்கு. இந்தத் தம்பி பேரு என்ன?"

சொன்னேன். பையிலிருந்து காகிதத்தை எடுத்து, என் பென்சிலை வாங்கி, அந்தப் பெயர் இருந்த வரியை அழுத்தி அடித்துவிட்டார்.