பிரேக் மிதிக்கிற கால்

14 ஜூலை 1999, புதன்

திங்கட்கிழமை பைபாஸ் செய்த மேலூர் பஸ் டிரைவருக்கு இதயம் நன்றாக வேலை செய்கிறது. இன்று ரவுண்ட்ஸ் போனபோது அவர் மனைவி என்னை நிறுத்தினார்.

"நெஞ்சுக்குத்தான டாக்டரய்யா ஆபரேசன்? கால எதுக்கு இம்புட்டு நீளத்துக்குக் கிழிச்சிருக்கீக?"

காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் வைத்துத் தைத்திருக்கிறோம் என்று விளக்கினேன். கணுக்கால் சில மாதம் மரத்த மாதிரி இருக்கலாம் என்பதையும் சொன்னேன்.

படுத்திருந்த டிரைவர், "வலது காலு பிரேக் மிதிக்கிற காலுங்க. எடது கால்ல எடுத்திருக்கக் கூடாதா?" என்றார்.

எடுத்திருக்கலாம். வலது காலில் எடுப்பது எங்களுக்குப் பழக்கம், அவ்வளவுதான்.

"சரியாயிரும், பயப்படாதீங்க" என்றேன்.

"முன்னாடியே கேட்டிருந்தீகன்னா சொல்லியிருப்பேன்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இத்தனை வருடத்தில் நான் ஒருவரிடமும் அதைக் கேட்டதில்லை.

நாளை ஒரு தையல்காரருக்கு ஆபரேஷன். மாலையில் வீட்டுக்குக் கிளம்பியவன், திரும்பி வார்டுக்குப் போய், மிஷினை எந்தக் காலால் மிதிப்பீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரெண்டு காலாலயுந்தான் சார்" என்றார்.