மூன்று மணி அழைப்பு

புத்தூர்
07.04.2024

அன்புள்ள கோகுலனுக்கு,

நேற்றுத்தான் போனில் கதைத்தோம், அதற்குள் இவளுக்கு என்ன கடிதம் என்று நினைப்பீர்கள்.

பதிவுத் திருமணம் முடித்து நீங்கள் கனடா திரும்பி ஏழு மாதம். வேலைக்குப் போகுமுன் காரிலிருந்து அழைக்கிறீர்கள். இங்கே பின்னேரம் மூன்று மணி. சாப்பிட்டேனா, வெயிலா என்று கேட்கிறீர்கள். பிறகு, "ரெண்டு வரி அன்பா எழுதி அனுப்பும், லோயர் கேட்டவர்." நான் இதயம் போட்டு அனுப்புகிறேன். ஞாயிறுகளில் அதையெல்லாம் படம் பிடித்து, நம் திருமணம் உண்மையானது என்று காட்டும் கோப்பில் சேர்க்கிறீர்கள். விசாவுக்கு அது தேவை. தெரியும்.

வெங்காயத் தோட்டத்துக்கும் போனை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போகிறேன். அம்மா சொல்கிறா: "மனிசனை இடுப்பிலை கட்டிக்கொண்டு திரியிறாய்." அழைக்காதபோதும் அது அதிர்வதுபோல் இருக்கும். எடுத்துப் பார்ப்பேன். ஒன்றும் இராது. அந்த நேரங்களில்தான் மனம் உங்களை அதிகம் தேடுகிறது. நீங்கள் அழைத்ததும் அந்தத் தேடல் போய்விடுகிறது.

இது கோப்புக்கு அல்ல. நீங்கள் மட்டும் வாசிக்க.

ஆரணி


ஸ்காபரோ
04.05.2024

அன்பின் ஆரணிக்கு,

போனை நிறுத்திவிட்டுக் காருக்குள் இருந்து வாசித்தேன். அன்று வேலைக்குப் பிந்திப் போனேன்.

எனக்கும் போனில் கதைக்க வராது. சொல்ல இருந்தது வைத்த பிறகுதான் ஞாபகம் வரும். திரும்ப அழைத்தால் நீர் பயந்துவிடுவீர். ஆனால் பதின்மூன்று வருடம் தனியே இருந்தவனுக்கு, ஒருத்தி தினமும் ஹலோ சொல்வதே பெரிது. அந்த ஒரு சொல்லுக்காக விடிய எழும்புகிறேன்.

எழுதும். யாருக்கும் காட்டமாட்டேன்.

கோகுலன்


புத்தூர்
02.06.2024

அன்புள்ள உங்களுக்கு,

ஒன்று சொல்கிறேன். நீங்கள் இங்கே நின்ற மூன்று கிழமைகளில் முதல் கிழமை எனக்குப் பிடிக்கவில்லை. உங்களை அல்ல. யாரோ ஒருவரின் செருப்பு எங்கள் வாசலில் கிடந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் போன அன்று, நீங்கள் உடுத்திருந்த சாரம் கொடியில் கிடந்தது. தோய்க்கவில்லை. தலையணைக்குக் கீழே மடித்து வைத்திருக்கிறேன். வாசம் குறைந்துகொண்டு வருகிறது.

இதைப் போனில் எப்படிச் சொல்வது. "கேக்குதோ, கேக்குதோ" என்பீர்கள்.

உங்கள் ஆரணி


ஸ்காபரோ
18.08.2024

அன்பின் ஆரணிக்கு,

விசா கிடைத்ததைப் போனில் கத்திச் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

யூலையில் விசா அதிகாரி மேலும் ஆதாரம் கேட்டார். போன் பதிவுகள் போதாதாம், எல்லோரும் அதைத்தான் அனுப்புகிறார்களாம். கையால் எழுதிய கடிதம் ஏதும் உண்டா என்று லோயர் கேட்டார். இரண்டு நாள் இல்லை என்றேன். மூன்றாம் நாள் உம்முடைய இரண்டு கடிதங்களையும் கொடுத்தேன். அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஐயா என் தோளில் தட்டி, "குடுத்துவைச்சனீ தம்பி" என்றார். எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உம்மை விரைவில் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். ஒக்டோபர் இருபதுக்கு டிக்கெட் போடுகிறேன்.

கோகுலன்


புத்தூர்
12.09.2024

கோகுலன்,

டிக்கெட் போட்டாயிற்று என்று நேற்றுச் சொன்னீர்கள். ஓம் என்றேன். அம்மா பக்கத்தில் நின்றா.

உங்களில் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேனோ என்னவோ. ஆனால் நீங்களும் நானும் மட்டும் இருந்த இடம் அந்த இரண்டு தாள்தான். இப்போது அங்கே லோயர் நிற்கிறார், ஐயா நிற்கிறார், அதிகாரி நிற்கிறார். இதை எழுதும்போதும் அவர்கள் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு வரியை வெட்டிவிட்டேன்.

இருபதாம் திகதி நான் ஏறப்போவதில்லை. உங்களோடு தனியாக இருக்கத் தெரியாமல் உங்கள் வீட்டுக்கு வந்து என்ன செய்வேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் அழைத்தால் எடுப்பேன். எடுக்காமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் ஏன் என்று போனில் கேட்காதீர்கள். கேட்பதானால் புத்தூருக்கு வந்து கேளுங்கள். வருகிற நாளை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

ஆரணி