லோத்தின் மனைவி எந்தத் தெரு?

மேற்குத் தாம்பரம்,
புதன்கிழமை, வெயில் வந்த பிறகு.

அன்புள்ள மகள் ஜெரூஷாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் ஆஷாவும் சுகமாகவும் காய்ந்தும் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாகவும் சூடாகவும் இருக்க ஜெபிக்கிறேன். எழுத்து அம்மாவுடையது இல்லையே என்று பயந்துவிடாதே, அரிசி டிரம்மை மாடிக்கு ஏற்றும்போது வலது மணிக்கட்டு பிசகிக்கொண்டது, கட்டுப் போட்டிருக்கிறது, விரலெல்லாம் நன்றாக அசைகிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் சொல்வதற்கு மேல் ஒரு சொல் கூடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். (கூடக் கூடாது என்றார்களே தவிர அடைப்புக்குறிக்குள் குடியேறக் கூடாது என்று சொல்லவில்லை. வணக்கம் அக்கா, இது ஆஷா. வாடகை இல்லாத வீடு, நன்றாக இருக்கிறது.) போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே, உப்புக்கும் வழியில்லாமல் கிடந்தீர்களே என்று அழ ஆரம்பித்தால் கூடுவாஞ்சேரி ஃப்ளாட்டில் போய்த்தான் நிற்கிறாய், நடுவில் நான் வாயைத் திறந்தால் லைனில் யாரோ இருமின மாதிரி தாண்டிப் போய்விடுகிறாய். பாஸ்டர் மகள் எப்சி நாளை மறுநாள் அங்கே திரும்புகிறாள், முறுக்குப் பார்சலில் இதை வைத்து அனுப்புகிறேன். இதைப் படித்து முடிக்கும் வரை ஃப்ளாட்காரருக்கு ஒன்றும் சொல்லிவிடாதே. கிறிஸ்துமஸுக்குள் முடிவு சொல்லுங்கள் என்றாய், முடிவு இதில் இருக்கிறது, ஆனால் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

இந்த மழைக்குக் கரண்ட் இல்லாமல் சோறு இல்லாமல் ஒரு நாள் கிடந்தீர்கள் என்று கேள்விப்பட்டாலும் வீட்டை விற்றுவிட்டு ஆறாவது மாடிக்குப் போக வேண்டியதுதான் என்று நீ சொன்னாயே, அது உன் அப்பாவுக்குப் பரீட்சை எழுதுகிற மாதிரி ஆகிவிட்டது. போதாததற்கு அந்த வாரம்தான் பாஸ்டர், யோசேப்பு எகிப்திலே பஞ்சத்துக்குத் தானியம் சேர்த்ததைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். எல்லாரும் ஆமென் சொன்னோம், அப்பா எழுந்து மார்க்கெட்டுக்குப் போனார். ரவை, மைதா, துவரம் பருப்பு, சீனி, புளி, அவல், பால் பவுடர், பாலிதீன் உறையில் தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, டார்ச்சுக்கு பேட்டரி, தண்ணீர் கேன், கடைக்காரர் புது ஹோட்டல் திறக்கிறீர்களா சார் என்று கேட்டாராம். மாடி அறைக்கு இவள் எகிப்து என்று பெயர் வைத்தாள், நான் ஏறிப் போகும்போதெல்லாம் பார்வோன் வருகிறார் என்று கட்டியம் வேறு. (பஞ்சத்துக்கு என்று அப்பா சேர்த்தார், வந்தது பஞ்சாயத்து. பொறு, வருகிறது.) நீயும் அங்கே பனிக்காலத்துக்குக் கொஞ்சம் சாமான் எடுத்து வை. கரண்ட் போகும் என்று தெரிந்தால் இட்லி மாவு அதிகம் அரைக்காதே, ஃபிரிட்ஜை நம்பி அரைத்த மாவு போல் கைவிடுவது வேறில்லை, பொடி வகை இருந்தால் போதும். தொட்டியை முதலில் நிரப்பிக்கொள், போனை முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு அதில் படம் பார்க்காதே, இது உன் தங்கைக்கும் சேர்த்துத்தான்.

அப்பா ஒரே மாதிரி வெள்ளை டப்பாக்களாக வாங்கி, ஈரம் உள்ளே போகாமல் வாயைச் சுற்றி பிரவுன் டேப் ஒட்டி, சமையலறை ஜாடியில் இருந்த உப்பைக்கூட விடாமல் கொட்டி மூடி, எது எதில் இருக்கிறது என்று பெயர் எழுதி ஒட்டச் சொல்லி இவளிடம் கொடுத்தார். இவளும் பெயர்தான் எழுதினாள், மனுஷர் பெயர். மைதா டப்பாவில் மைதிலி. ரவைக்கு ரவிக்குமார். சீனிக்கு சீனிவாசன். துவரம் பருப்புக்கு துவாரகநாத். உப்புக்கு மட்டும் சண்டே ஸ்கூல் புத்தியைக் காட்டி லோத்தின் மனைவி. பார்த்ததும் காதைத் திருகினேன், ஆனால் மாற்றி எழுதுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, இரவோடு இரவாகக் கரண்டும் போய்விட்டது. (அப்பா கேட்டது பெயர், எழுதியது பெயர். குற்றம் என்ன?)

எதிர்வீட்டு அஞ்சம்மாளை உனக்குத் தெரியும். ரோடு போடப் போட ரோடு உயர்ந்து அவர்கள் வாசல் பள்ளமாகிக்கொண்டே போகிறதே, காலையில் பார்த்தால் முழங்கால் தண்ணீர் உள்ளே. நமக்குக் கடைசிப் படிக்குக் கீழேயே நின்றுவிட்டது. அப்பா போய் அஞ்சம்மாள், அவள் வீட்டுக்காரர் சிட்டிபாபு, மருமகள் தீபா, தீபாவின் குழந்தை எல்லாரையும் நம் மாடிக்குக் கூட்டிவந்தார். வந்ததும் என் கையைப் பார்த்துவிட்டு, நீ ஒக்காரு டீச்சர், அடுப்ப நான் பாத்துக்கினு போறேன் என்று அஞ்சம்மாள் கரண்டியை வாங்கிக்கொண்டாள். எல்லாம் டப்பாவில் இருக்கிறது, பெயர் ஒட்டியிருக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொள் என்று நான் சொல்லிவிட்டேன், லேபிள் சங்கதி அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே இல்லை.

மத்தியானம் கஞ்சி வந்தது. உப்பில்லை, தொட்டுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. இரவும் கஞ்சி, உப்பில்லை. மறுநாளும் அப்படியே. எனக்குச் சொல்லவும் கூச்சம், நமக்காகப் புகையில் நிற்கிறவளிடம் குறை சொல்வதா, சிட்டிபாபுவுக்கு பிரஷர் இருக்கும் அதனால் உப்பு போடாமல் சமைத்துப் பழக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்பா, தன் பிரஷருக்காகத்தான் அஞ்சம்மாள் அக்கறையாகச் சமைக்கிறாள் என்று உருகிப்போய் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார். சிட்டிபாபு மெதுவாக அப்பாவிடம், இது இன்னா சார், உங்க வேதத்துல உப்பு வுடற நோம்பா, இன்னும் எத்தினி நாளைக்கு என்று கேட்டிருக்கிறார். அப்பா, எல்லாம் உடம்புக்கு நல்லதுதான் என்றாராம். எகிப்து முழுக்கத் தானியம், நடுவில் ஏழு பேர் உப்பில்லாக் கஞ்சியும் மரியாதையுமாக உட்கார்ந்திருந்தோம்! அந்த நேரம் பார்த்து இவள் மொட்டை மாடிக்குப் போய் ஒரு புள்ளி சிக்னல் பிடித்து உன்னிடம், அக்கா உப்பில்லாத கஞ்சிதான் என்று சொல்ல, லைன் கட். (அடுத்த வாக்கியம் "ஆனால் செம ஜாலி" என்பது. டவர் சாய்ந்ததற்கு நான் பொறுப்பில்லை.) நீ அதை வைத்துக்கொண்டு அங்கே ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாய், விடிந்ததும் ஃப்ளாட்காரரைக் கூப்பிட்டிருக்கிறாய்.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் குழந்தை கஞ்சியைத் துப்பிவிட்டது. அஞ்சம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, தப்பா நெனச்சிக்காத டீச்சர், கொயந்தைக்கு நாக்கு செத்துப் பூட்ச்சு, அந்த லோத்து சார் சம்சாரம் எந்தத் தெருவு, இல்ல அந்த மைதிலியம்மா, சீனிவாசன் சாரு, யாருக்குனா ஒரு போன் போட்டு டப்பால உப்பு கீதான்னு கேளேன், ஒரு பிடி எடுத்துக்கினு அப்பால திருப்பிக் குடுத்துர்லாம், பாவம் அவுங்க வூட்லல்லாம் தண்ணி பூந்துட்ச்சா இன்னா என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவே இல்லை. அவளுக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியாது, தீபா டார்ச் அடித்து ஒவ்வொன்றாக வாசித்திருக்கிறாள், சர்ச்சுக்காரர்கள் எல்லாரும் மேடான வீடு என்று நம் வீட்டில் சாமான் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள், அடுத்தவர் நம்பி வைத்த பொருளை நாம் தொடக் கூடாது என்று இரண்டு பேரும் முடிவு பண்ணியிருக்கிறார்கள். பெயர் ஒட்டாத பொருள் அரிசி ஒன்றுதான், அதனால் கஞ்சி! நான் சிரித்த சிரிப்பில் கைக்கட்டு அவிழ்ந்துவிட்டது. அப்பா ஓடிவந்து என்ன என்ன என்று கேட்க, லோத்து சம்சாரத்தைக் கூப்பிடுங்கள் என்றேன், அவ்வளவுதான், அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டார். துவாரகநாத் சார் சாம்பாரானார், ரவிக்குமார் உப்புமா, சீனிவாசன் பாயசம். சிட்டிபாபு ஏப்பம் விட்டுக்கொண்டே, சீனிவாசன் சாரு எப்ப சர்ச்சுக்கு மாறுனாரு, ஆனா நல்ல மன்சன் என்றார். (நாலாம் நாள் கரண்ட் உயிர்த்தெழுந்தது. நம் அப்பா பெயர் லாசரஸ், பைபிள் லாசரஸும் நாலாம் நாள்தானே கல்லறையிலிருந்து எழுந்து வந்தார், வேறு எப்படி நடக்கும்? ஃபிரிட்ஜைத் திறந்ததும் வந்த வாசனையும் கல்லறைக் கணக்குக்குச் சரியாக இருந்தது.)

இவளுக்குத் தண்டனைதான் இந்தக் கடிதத்தைக் கையால் எழுதுவது. ஆனால் அஞ்சம்மாளுக்கு அந்த டப்பாவின் அர்த்தம் சொல்லியாக வேண்டுமே. ஊரே அழியப் போகிறது, ஓடு, திரும்பிப் பார்க்காதே என்று சொல்லியிருந்தும் லோத்தின் மனைவி திரும்பிப் பார்த்தாள், உப்புத் தூணாகிவிட்டாள் என்று சொன்னேன். அவளுக்கு வந்தது கோபம். பின்ன இன்னா, சொந்த வூட்ட வுட்டுப் போற பொம்பள ஒரு வாட்டி திரும்பிக்கூடப் பாக்க மாட்டாளா, அதுக்கா உப்பாக்கினாங்க என்று என்னவோ நான்தான் ஆக்கினேன் போல் சண்டைக்கு வந்துவிட்டாள். முப்பது வருஷமாக அந்தக் கதையை வகுப்பில் கீழ்ப்படிதலுக்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

ஜெரூ, அந்த ஃப்ளாட் நல்ல ஃப்ளாட்தான், படம் பார்த்தேன், லிஃப்ட் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது, தண்ணீர் எட்டாது. நீ எங்களுக்காகப் பயந்துதான் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியாதா. ஆனால் நம் டப்பாவைத் திறக்காமல் இரண்டு நாள் உப்பில்லாமல் சாப்பிடுகிற மனுஷியை எந்த பில்டர் கட்டிக் கொடுப்பான்? நான் இந்த வீட்டை விட்டுக் கிளம்பினால் கண்டிப்பாகத் திரும்பிப் பார்ப்பேன். வண்டலூர் தாண்டுவதற்குள் ஜிஎஸ்டி ரோட்டு நடுவில் தூணாக நிற்பேன், பஸ் எல்லாம் சுற்றிக்கொண்டு போகும், உன் அப்பா டிஃபன் பாக்ஸோடு வந்து சுரண்டி எடுத்துப் போவார். அதனால் நாங்கள் வரவில்லையம்மா. உனக்கு ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன், தண்ணீர் என்றைக்குக் கடைசிப் படியைத் தாண்டுகிறதோ அன்றைக்கு நானே உனக்குப் போன் பண்ணிப் பெட்டியைக் கட்டுகிறேன், அஞ்சம்மாள் குடும்பத்துக்கும் சேர்த்து இடம் பார். அதுவரை அழாதே. காலையில் எழுந்ததும் அங்கே பனி எவ்வளவு என்று பார்க்காமல் தாம்பரத்தில் மழை எவ்வளவு என்று பார்க்கிறாயாம், மாப்பிள்ளை சொன்னார். நீயும் திரும்பிப் பார்க்கிற ஜாதிதான், வேறு யார் வயிற்றில் பிறந்தாய்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் வீட்டு விளக்கும் அடுப்பும் அணையாமல் வைப்பாராக. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். எப்சியிடம் அவள் அம்மாவின் குக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று சொல். முறுக்கு நமத்துப்போகும் முன் சாப்பிடு, மெழுகுவர்த்தி ஒரு பெட்டி வாங்கி வை, மறந்துவிடாதே.

உப்போடும் உறைப்போடும் இருக்கும்
உன் அம்மா,
பியூலா லாசரஸ்

(அம்மா கையெழுத்தை இடது கையால் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், இனி மொத்தத் தாளும் என் அடைப்புக்குறி. அக்கா, டப்பாக்களில் ஒழுங்காகப் பெயர் எழுதச் சொன்னார்கள். மைதா, ரவை, சீனி, பருப்பு என்று அழுதுகொண்டே எழுதி ஒட்டினேன். உப்பு டப்பாவில் லோத்தின் மனைவி வேண்டாம், பாவம், போதும் அவளை நிற்க வைத்தது என்று அம்மா சொன்னதால் அதையும் கிழித்துவிட்டு, ஜெரூஷா என்று எழுதினேன். காது இன்னும் திருகப்படவில்லை. நேற்று ராத்திரி அப்பா ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஜெரூஷா கொஞ்சம் கம்மி" என்றார். அம்மா எழுந்து போய் டப்பாவை எடுத்து வந்தார்கள்.)